டி.எல்.எட், பி.எட், டெட், நியமனத் தேர்வு: எதை வச்சு எந்த கிளாஸுக்கு பாடம் எடுக்கலாம்? வீட்ல அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் குழம்பி நிக்கிறோம்

வெண்பலகை:
எல்லாருக்கும் வணக்கம். நான் பி.எஸ்ஸி மேத்ஸ், அப்புறம் ரெண்டு வருஷ பி.எட், இந்த வருஷம் தான் முடிச்சேன். தங்கச்சி பிளஸ் டூ முடிச்ச கையோட டி.எல்.எட், அதான் ரெண்டு வருஷ ஆசிரியர் டிப்ளமோ, சேந்துட்டா, அவளுக்கும் முடிஞ்சிருச்சு. எங்க ஊரு தேனி பக்கம். வீட்ல அப்பா எல்லார்கிட்டயும் சொல்றது, பெரியவ பி.எட், அவ எந்த கிளாஸுக்கு வேணா டீச்சரா போலாம், சின்னவ தான் சின்ன படிப்பு படிச்சுட்டான்னு. தங்கச்சி அதை கேட்டுட்டு மூஞ்சி தொங்கிப்போய் உக்காந்திருக்கா.

உண்மையில எனக்கு சின்ன பிள்ளைங்களுக்கு சொல்லிக் குடுக்கத்தான் ஆசை, ஒன்னாப்பு ரெண்டாப்பு. பக்கத்து டவுன்ல ஒரு கோச்சிங் சென்டர்ல விசாரிச்சோம், நீங்க டெட்ல பேப்பர் ஒன்னு, பேப்பர் ரெண்டு ரெண்டுமே எழுதலாம், ரெண்டுக்கும் சேத்து பேக்கேஜ் போட்டுத் தரோம்னு சொல்றாங்க. சி-டெட்டுன்னு ஒன்னு, டிஎன்-டெட்டுன்னு ஒன்னு, அதுக்கு மேல நியமனத் தேர்வுன்னு இன்னொன்னு. எது லைசென்ஸ், எது வேலைன்னே புரியல. தெரிஞ்சவங்க கொஞ்சம் பொறுமையா சொல்லுங்க.

நொய்யல்காரன்:
டெட்டுன்னா ஆசிரியர் தகுதித் தேர்வு. அதை பாஸ் பண்ணா வேலை இல்லைங்க, வேலைக்கு அப்ளை பண்ற தகுதி மட்டும் தான். இதை முதல்ல அப்பாகிட்ட சொல்லிருங்க, பாதி குழப்பம் தீரும்.

கரும்பலகை_கணக்கு:
நான் அரசு உயர்நிலைப்பள்ளில மேத்ஸ் பிடி, அதாவது பட்டதாரி ஆசிரியர். முழுசா சொல்றேன்மா, கொஞ்சம் நீளமா போகும்.

நம்ம ஊர்ல ஆசிரியர் லைசென்ஸ்னு ஒரே ஒரு அட்டை கிடையாது. மூணு படி இருக்கு. முதல் படி படிப்பு, அதாவது டி.எல்.எட்டோ பி.எட்டோ. ரெண்டாவது டெட். மூணாவது ஆசிரியர் தேர்வு வாரியம், அதாவது டிஆர்பி நடத்துற நியமனத் தேர்வு. இதுல லைசென்ஸுங்கற பேச்சுக்குப் பக்கத்துல வர்றது ரெண்டாவது படி. 2009-ல கல்வி உரிமைச் சட்டம் வந்துச்சு, 2010 ஏப்ரல் 1-ல இருந்து அமல். அந்தச் சட்டத்தோட 23-வது பிரிவு தான் ஆசிரியருக்கு குறைந்தபட்ச தகுதி வேணும்னு சொல்லுது, அந்தத் தகுதி என்னன்னு என்சிடிஇ, அதாவது தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம், 2010 ஆகஸ்ட் 23-ல அறிவிச்சாங்க. ஒன்னுல இருந்து எட்டு வரைக்கும் பாடம் எடுக்க டெட் கட்டாயம்னு வந்தது அப்ப தான்.

பேப்பர் ஒன்னு, 1 முதல் 5 வரை எடுக்கறவங்களுக்கு. பேப்பர் ரெண்டு, 6 முதல் 8 வரை. நம்ம ஸ்டேட்ல பிடிங்கறவங்க 6-ல இருந்து 10 வரைக்கும் எடுக்கறதால பிடி ஆகணும்னா பேப்பர் ரெண்டு இல்லாம நடக்காது. 11, 12 எடுக்கற பிஜிக்கு டெட் கிடையாது, எம்.எஸ்ஸி பி.எட் முடிச்சு நேரா டிஆர்பி பரீட்சை.

ரெண்டு பேப்பரும் 150 கேள்வி, 150 மார்க், நெகட்டிவ் இல்ல. முதல் பேப்பர்ல குழந்தை மேம்பாடு 30, தமிழ் 30, இங்கிலீஷ் 30, கணக்கு 30, சூழ்நிலையியல் 30. ரெண்டாவதுல முதல் மூணும் அப்படியே, மிச்சம் 60 உங்களுக்கு கணக்கும் அறிவியலும். மேத்ஸ் மேஜர்னு நெனச்சு உக்காந்தீங்கன்னா பயாலஜி கேள்வி வந்து முழிக்க வைக்கும், ஆறுல இருந்து பத்து வரை அறிவியல் புக்கை வரி விடாம படிக்கணும்.

அதனால நீங்க பேப்பர் ரெண்டு, தங்கச்சி பேப்பர் ஒன்னு. அவ்வளவு தான்.

வெண்பலகை:
நன்றி சார். ஆனா கோச்சிங் சென்டர்ல பி.எட் வச்சு பேப்பர் ஒன்னும் எழுதலாம்னு அடிச்சு சொல்றாங்களே? எங்க காலேஜ் சீனியர் அக்கா ஒருத்தங்க எழுதி பாஸும் பண்ணிருக்காங்க.

கரும்பலகை_கணக்கு:
அந்த அக்கா எழுதினது உண்மை தான். 2018 ஜூன் 28-ல என்சிடிஇ ஒரு அறிவிப்பு போட்டாங்க, பி.எட் படிச்சவங்களும் ஒன்னு முதல் அஞ்சு வரை எடுக்கலாம், வேலைல சேந்து ரெண்டு வருஷத்துக்குள்ள ஆறு மாச பிரிட்ஜ் கோர்ஸ் முடிச்சா போதும்னு. ராஜஸ்தான்ல டிப்ளமோ படிச்சவங்க எங்க இடத்துக்கு இவங்க எப்படி வரலாம்னு கோர்ட்டுக்குப் போனாங்க. 2023 ஆகஸ்ட் 11-ல சுப்ரீம் கோர்ட் அந்த அறிவிப்பு செல்லாதுன்னு சொல்லிருச்சு, தேவேஷ் சர்மா வழக்குன்னு தேடினா தீர்ப்பு கிடைக்கும். அதுக்கு முன்னாடியே வேலைல சேந்தவங்களுக்கு மட்டும் பாதுகாப்பு குடுத்து பிரிட்ஜ் கோர்ஸ் படிக்க சொல்லிருக்காங்க. புதுசா வர்ற உங்களுக்கு பி.எட் மட்டும் வச்சு பிரைமரில போஸ்டிங் கிடையாது. அந்தப் பேக்கேஜுக்கு காசு கட்டிராதீங்க.

அப்பாகிட்ட நான் சொன்னதா சொல்லுங்க, ஒன்னாப்புக்கு பாடம் எடுக்கற உரிமை உங்க வீட்ல இப்போதைக்கு சின்னவளுக்குத் தான் இருக்கு.

தீக்குச்சி_டீச்சர்:
கடைசி வரியை படிச்சதும் கண்ணு கலங்கிருச்சு, அதான் எழுத வந்தேன். நான் எஸ்ஜிடி, இடைநிலை ஆசிரியர். இருபது வருஷமா இந்த "சின்ன படிப்பு" பேச்சைக் கேட்டுக்கிட்டு இருக்கேன், கல்யாணத்துக்கு வரன் பாக்கும்போது கூட வெறும் டிடெட்டான்னு (டி.எல்.எட்டோட பழைய பேரு) கேட்டாங்க.

ஒன்னாப்புல என்ன நடக்குதுன்னு வந்து பாத்தா தெரியும். போன வாரம் ஒரு பையன், பதிமூணு எழுதுடான்னா 31-னு எழுதுறான். வாயில சரியா சொல்றான், கை மாத்தி எழுதுது. அவனைத் திட்டி பிரயோஜனமே இல்ல. பத்து பத்து தீக்குச்சியா ரப்பர் பேண்ட் போட்டு கட்டு வச்சிருக்கேன், ஒரு கட்டு இடது பக்கம், மூணு உதிரி வலது பக்கம் வைக்க சொல்லி, கட்டுக்குக் கீழ 1, உதிரிக்குக் கீழ 3-னு எழுத வச்சேன். நாலு நாள் ஆச்சு. அஞ்சாவது நாள் அவனே பெஞ்சுல கட்டு இல்லாமலே விரலால இடம் தொட்டுப் பாத்துட்டு எழுதினான். அரசோட எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததுல இருந்து இதுக்கெல்லாம் சாமான் கொஞ்சம் வருது, ஆனா அந்தப் பையனுக்கு எங்க மாறுதுன்னு கண்டுபிடிக்கிறது டிப்ளமோல ரெண்டு வருஷம் பிரைமரி ஸ்கூல்ல நின்னு கத்துக்கிட்டது. பி.எட்ல டீச்சிங் பிராக்டிஸ் பெரிய கிளாஸுக்குத் தான் போறாங்க. பி.எட்டை நான் குறைச்சு பேசல, அது வேற வேலை, இது வேற வேலை.

என் கதையும் சொல்லிடுறேன், உங்க தங்கச்சிக்கு உதவும். 2013 ஆகஸ்ட்ல டெட் எழுதினேன், 86 மார்க். அப்ப பாஸ் மார்க் 60 சதவீதம், அதாவது 90. ஃபெயில். வீட்ல ஒரு வாரம் யார்கூடவும் பேசல. அப்புறம் 2014 பிப்ரவரில இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 5 சதவீதம் தளர்த்தி 82 போதும்னு ஜி.ஓ., அதாவது அரசாணை வந்துச்சு, ஃபெயிலான நான் பாஸ். அந்த ஜி.ஓ. மேலயும் கேஸ் போட்டு 2016-ல தான் சுப்ரீம் கோர்ட்ல முடிஞ்சுது. நடுவுல வேலைக்கு ஆள் எடுக்க வெயிட்டேஜ்னு ஒன்னு, டெட்டுக்கு 60, பிளஸ் டூவுக்கு 15, டிடெட்டுக்கு 25. நாங்க பிளஸ் டூ படிச்ச காலத்துல மார்க்கை எண்ணி எண்ணி போடுவாங்க, பின்னாடி வந்த பிள்ளைங்க 1100-க்கு மேல எடுத்துட்டு வந்து எங்களைத் தாண்டிப் போயிட்டாங்க, அவங்க தப்பு இல்ல அது. சர்டிபிகேட்ல ஏழு வருஷம் தான் செல்லும்னு போட்டிருந்துச்சு, 2020 வந்தப்போ அதுவும் முடிஞ்சு போச்சுன்னு அழுதேன். 2021 ஜூன்ல தான் ஆயுள் முழுக்க செல்லும்னு மத்திய அரசு அறிவிச்சாங்க, 2011-ல இருந்து எழுதுன எல்லாருக்கும் சேத்து. ஆனா அதுக்குள்ள 2018-ல ஜி.ஓ. 149 வந்து வெயிட்டேஜை எடுத்துட்டு, டெட் பாஸ் பண்ணவங்க மறுபடி நியமனத் தேர்வு எழுதணும்னு ஆயிருச்சு. எங்க பேட்ச் எவ்வளவோ போராடிப் பாத்தோம். கடைசில 2024 ஜூலை 21-ல எழுதினேன், கிடைச்சிருச்சு. 2013-ல வாங்கின தகுதிக்கு பதினோரு வருஷம் கழிச்சு பரீட்சை.

புதுசா வர்றவங்க இதை மனசுல வச்சு பிளான் பண்ணணும்னு தான் சொல்றேன், பயமுறுத்த இல்ல.

மாடக்குளம்:
டீச்சர், உங்க போஸ்ட்டை அம்மாவுக்கு வாசிச்சு காட்டினேன். அவங்களும் 2013 பேட்ச்.

பொருநை_சிவப்புமை:
நான் இங்க கொஞ்சம் மாறி பேசுறேன். இத்தனை படி எதுக்குன்னு கேக்குறேன். டிப்ளமோ கவர்மெண்ட் போர்டு பரீட்சை, அதுல பாஸ். டெட் அதே கவர்மெண்ட், அதுலயும் பாஸ். அப்புறம் நியமனத் தேர்வுல தமிழ் தகுதித் தாள் 50-க்கு 20 எடுக்கணும், அப்புறம் 150 மார்க். ஒரே ஆளை மூணு தடவை தகுதியான்னு கேட்டா முதல் ரெண்டுக்கும் என்ன மதிப்பு? அதுலயும் டெட் வருஷா வருஷம் நடக்குதா? 2012, 2013, அப்புறம் 2017, 2019, 2022, 2025. வருஷத்துக்கு ஒரு தடவையாவது வைக்கணும்னு என்சிடிஇ வழிகாட்டுதல்லயே இருக்கு. 2019-ல ரெண்டு மார்க்ல விட்ட பிள்ளை மூணு வருஷம் காத்துக்கிடந்துச்சே, அந்த வயசு திரும்பி வருமா?

கரும்பலகை_கணக்கு:
சகோ, பரீட்சை ஒழுங்கா வருஷா வருஷம் வைக்கலங்கறதுல எனக்கும் அதே கோவம் தான். ஆனா டெட்டே வேணாம்னா ஒத்துக்க மாட்டேன். 2012 ஜூலைல முதல் டெட் நடந்தப்போ ஆறரை லட்சம் பேருக்கு மேல எழுதி 2,448 பேர் தான் பாஸ். அப்ப ஒன்றரை மணி நேரம் தான் குடுத்தாங்க, அது அநியாயம், அக்டோபர்ல மூணு மணி நேரமாக்கி மறுபடி வச்சாங்க. நேரம் ஒரு காரணம்னாலும் அதுக்கு முன்னாடி புற்றீசல் மாதிரி பயிற்சி நிறுவனங்க தொறந்து கிளாஸே நடத்தாம சர்டிபிகேட் குடுத்துக்கிட்டு இருந்ததும் நம்ம எல்லாருக்கும் தெரிஞ்சது தானே. எங்கயாவது ஒரு இடத்துல தடுப்பு வேணும்.

பொருநை_சிவப்புமை:
தடுப்பு காலேஜுக்குப் போடணும் சார், அங்க படிச்ச பிள்ளைக்கு இல்ல. அதை யாரும் பண்ணல.

கரும்பலகை_கணக்கு:
அதுல உங்க பக்கம் தான் நியாயம்.

செந்தமிழ்ப்பிடி:
யாரும் சொல்லாத ஒன்னு சொல்றேன். நான் தமிழ் மேஜர், பி.ஏ., பி.எட். வேலை தமிழாசிரியர் வேலை. ஆனா பேப்பர் ரெண்டுல எங்களுக்குன்னு தனி பிரிவு இல்ல, ஒன்னு கணக்கு அறிவியல், இல்லன்னா சமூக அறிவியல், ரெண்டுல ஒன்னை எடுத்தே ஆகணும். சங்க இலக்கியம் படிச்சுட்டு 60 மார்க்குக்கு அட்சரேகை தீர்க்கரேகையும் முகலாயரும் உருப்போட்டு தான் பாஸ் பண்ணேன். இங்கிலீஷ் மேஜருக்கும் இதே நிலைமை. கேரளாவுல கே-டெட்ல நாலு கேட்டகரி, எல்.பி. (கீழ் பிரைமரி), யு.பி. (மேல் பிரைமரி), ஹைஸ்கூல் தனித்தனி, நாலாவது கேட்டகரில யு.பி. வரைக்குமான அரபி, இந்தி, சமஸ்கிருதம், உருது மொழி ஆசிரியருக்கும் ஸ்பெஷலிஸ்ட் ஆசிரியருக்கும் இடம் வச்சிருக்காங்க. நம்மகிட்டயும் மொழி ஆசிரியருக்கு அவங்க மொழியிலயே 60 கேள்வி கேட்டா என்ன கெட்டுப்போச்சு?

இந்த இழை பாக்குற தமிழ், இங்கிலீஷ் மேஜர் பிள்ளைங்க சமூக அறிவியல் எடுங்க, பள்ளி புக்கு ஆறுல இருந்து பத்து வரை போதும்.

நொய்யல்காரன்:
என் மச்சான் பி.காம் பி.எட். ரெண்டு வருஷமா டெட்டுக்கு படிச்சான். அரசு பள்ளில காமர்ஸுக்கு பிடி போஸ்ட்டே இல்ல, எம்.காம் முடிச்சு பிஜி தான் போகணும்னு அவனுக்கு ஒரு வாத்தியாரும் சொல்லல. கம்ப்யூட்டர் சயின்ஸும் அப்படித்தான், கம்ப்யூட்டர் பயிற்றுநர் கிரேடு ஒன்னுக்கு பிஜியும் பி.எட்டும் வேணும். பி.எட் சேரும்போதே உங்க மேஜருக்கு பிடி போஸ்ட் இருக்கான்னு பாத்துட்டு சேருங்க, கெஞ்சி கேக்குறேன்.

கூடவே ஒன்னு. பட்டத்தோட பேரு கொஞ்சம் மாறி இருந்தா, அப்ளைடுன்னோ வேற எதோன்னோ, ரெண்டும் ஒன்னு தான்னு சொல்ற சமநிலை ஜி.ஓ. இருக்கான்னு பாத்து பிரிண்ட் எடுத்து வைங்க. சி.வி., அதாவது சர்டிபிகேட் சரிபார்ப்பு டேபிள்ல போய் நிக்கும்போது அதை தேட முடியாது.

டெல்லிக்குப்போன_தட்டாம்பூச்சி:
சி-டெட் பத்தி யாரும் சொல்லலயே. அது சிபிஎஸ்இ நடத்துறது, கேந்திரிய வித்யாலயா, நவோதயா மாதிரி மத்திய அரசு பள்ளிகளுக்கு. அமைப்பு ஏறக்குறைய நம்ம டெட் தான், 150 மார்க், 60 சதவீதம். மொழித் தாள்ல தமிழ் எடுக்கலாம், ஆனா மத்த பாடக் கேள்வி இங்கிலீஷ் இந்தில தான் இருக்கும், அதைத் தெரியாம போய் உக்காராதீங்க. கே.வி.ல பிரைமரிக்கு பேப்பர் ஒன்னு, டிஜிடிங்கற பட்டதாரி ஆசிரியருக்கு பேப்பர் ரெண்டு, பிஜிடிங்கற முதுகலை ஆசிரியருக்கு தேவையில்ல. சி-டெட் வச்சுக்கிட்டு நம்ம டிஆர்பிக்கு அப்ளை பண்ண முடியாது, அங்க டிஎன்-டெட் தான் கேப்பாங்க. எனக்கு ரெண்டும் இருக்கு. டெட்டு லேட்டாகும்போது சி-டெட் ஒரு ஆறுதல், படிச்சது மறக்காம இருக்கும்.

வெண்பலகை:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இன்னொன்னு கேக்கணும். பக்கத்துல ஒரு பிரைவேட் ஸ்கூல்ல இப்பவே வர சொல்றாங்க, டெட் எல்லாம் வேணாம், ஒரிஜினல் சர்டிபிகேட் மட்டும் குடுத்துட்டு ஜாயின் பண்ணிக்கோங்கன்னு.

ஜன்னலோர_மேஜை:
குடுக்காதீங்க. தயவுசெஞ்சு ஒரிஜினல் குடுக்காதீங்க.

நான் ஒரு ஸ்கூல்ல, பேரு வேணாம், பி.எட் முடிச்ச உடனே சேந்தேன். டிகிரி, பி.எட், பிளஸ் டூ மூணு ஒரிஜினலும் வாங்கி ஆபீஸ் பீரோல வச்சுக்கிட்டாங்க, பாதுகாப்புக்குன்னு சொன்னாங்க. டிஆர்பில இருந்து சி.வி. கால் வந்துச்சு, எனக்கு நாலு நாள் தான் டைம். போய் கேட்டா வருஷ நடுவுல ரிலீவ் பண்ண முடியாது, மூணு மாச சம்பளம் கட்டிட்டு வாங்கிக்கோங்கன்னாங்க. அம்மா கம்மலை அடகு வச்சு கட்டி வாங்கினோம், சி.வி.க்கு முந்தின நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு அந்த கவர் என் கைக்கு வந்துச்சு. கவரைப் பிரிச்சு மூணு தடவை எண்ணிப் பாத்தேன். அந்த தடவை செலக்ட் ஆகல, அது வேற விஷயம்.

டெட் வேணாம்னு அவங்க சொல்றதும் தப்பு. ஒன்னு முதல் எட்டு வரை எடுக்கற ஆசிரியருக்கு என்சிடிஇ சொன்ன தகுதி பிரைவேட் ஸ்கூலுக்கும் சேத்து தான். நடைமுறைல டெட் இல்லாதவங்களை எடுக்கறது அவங்களுக்கு லாபம், சம்பளம் குறைக்கலாம், நாளைக்கு எழுந்திரின்னு சொன்னா எழுந்து போயிடணும். அனுபவத்துக்காக போங்க, ஜெராக்ஸ்ல அட்டெஸ்டேஷன் வாங்கி குடுங்க, ஒரிஜினலை காமிச்சுட்டு கையோட கொண்டு வந்துருங்க.

பழைய_வருகைப்பதிவேடு:
வயசுல பெரியவன் பேசுறேன். நான் பதிவு மூப்புல வேலைக்கு வந்தவன், 2005-ல. அப்ப டெட்டுங்கற வார்த்தையே இல்ல. எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸ்ல பதிஞ்சு வரிசை வர்ற வரைக்கும் ஒன்பது வருஷம் டுடோரியல்ல பாடம் எடுத்தேன்.

2025 செப்டம்பர் 1-ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்துச்சு. ஏற்கனவே வேலைல இருக்கறவங்களும், ரிட்டயர்மெண்டுக்கு அஞ்சு வருஷத்துக்கு மேல பாக்கி இருந்தா ரெண்டு வருஷத்துக்குள்ள டெட் பாஸ் பண்ணணும். அஞ்சு வருஷத்துக்குள்ள இருக்கறவங்க அப்படியே தொடரலாம், ஆனா டெட் இல்லாம புரமோஷன் இல்ல. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இது பொருந்துமாங்கறதை பெரிய பெஞ்சுக்கு அனுப்பிருக்காங்க. நம்ம அரசு சீராய்வு மனு போட்டாங்க. எனக்கு ஒன்பது வருஷம் பாக்கி.

அதனால நவம்பர் 15, 16-ல டெட் வச்சப்போ நானும் எழுதினேன். ஹால்ல என் பெஞ்சுக்கு ரெண்டு பெஞ்சு முன்னாடி என்கிட்ட எட்டாவது படிச்ச பிள்ளை உக்காந்திருந்தா. என்னைப் பாத்ததும் எழுந்து நின்னுட்டா, கண்காணிப்பாளர் உக்காருமான்னு சொல்ற வரைக்கும் உக்காரல. எனக்கு ஓஎம்ஆர் ஷீட்ல வட்டத்தை நிரப்பும்போது கை நடுங்கிச்சு, இருபது வருஷமா மத்தவங்களுக்கு பரீட்சை வச்ச கை.

பாடம் தெரியாம இல்ல. குழந்தை மேம்பாட்டுல பியாஜே, வைகோட்ஸ்கி, கோல்பெர்க்னு கேக்குறாங்க, அதை நாங்க பேரு தெரியாமலே வகுப்பறைல பாத்துக்கிட்டு இருந்தோம். உக்காந்து படிச்சப்போ சிலது நல்லாவே இருந்துச்சு, அதை மறைக்க மாட்டேன். ஆனா வேலைக்கு எடுக்கும்போது என்ன தகுதி கேட்டீங்களோ அதோட வந்தவன் நான், பாதி வழில லைசென்ஸை மாத்தி இதையும் எடு இல்லன்னா இறங்குன்னா எப்படி? புதுசா வர்ற பிள்ளைங்களுக்கு டெட் கேளுங்க, சரி. எங்களுக்குப் பயிற்சி குடுங்க, வகுப்புக்கு வந்து பாருங்க, அதுல குறை இருந்தா சொல்லுங்க.

தீக்குச்சி_டீச்சர்:
சார், எங்க ஒன்றியத்துல உங்க வயசுக்காரங்க ஏழெட்டு பேர் ராத்திரி எட்டு மணிக்கு கூகுள் மீட் போட்டு படிக்கிறாங்க. உங்களுக்கு லிங்க் வேணும்னா தனி மெசேஜ் போடுங்க.

பழைய_வருகைப்பதிவேடு:
போட்டுட்டேன்மா. நன்றி.

பொருநை_சிவப்புமை:
சார் சொன்னதை படிச்சுட்டு ரொம்ப நேரம் ஒன்னும் எழுதத் தோணல.

வெண்பலகை:
நேத்து ராத்திரி அப்பா, தங்கச்சி, நான் மூணு பேரும் உக்காந்து இந்த இழையை முழுசா படிச்சோம். தீக்குச்சி டீச்சர் எழுதினதை அப்பா ரெண்டு தடவை வாசிக்க சொன்னாரு. அப்புறம் தங்கச்சிகிட்ட, நீ தான் ஒன்னாப்பு டீச்சரான்னு கேட்டாரு, அவ்வளவு தான் கேட்டாரு. அவ உள்ள போய் அவளோட இன்டர்ன்ஷிப் நோட்டை எடுத்துட்டு வந்து படம் எல்லாம் காட்டினா.

கோச்சிங் பேக்கேஜ் வேணாம்னு சொல்லியாச்சு. அவ பேப்பர் ஒன்னு, நான் பேப்பர் ரெண்டு. தமிழ், இங்கிலீஷ், குழந்தை மேம்பாடு ரெண்டு பேருக்கும் பொது, அதை சேந்து படிக்கப் போறோம். எனக்கு சின்ன பிள்ளைங்க ஆசை போகல. டி.எல்.எட் இன்னொரு ரெண்டு வருஷம் படிக்கலாமான்னு யோசிச்சேன், வீட்டு நிலைமைக்கு இப்ப முடியாது, ஆறாப்பு பிள்ளைங்களும் சின்ன பிள்ளைங்க தானேன்னு மனசை தேத்திக்கிட்டேன். பிரைவேட் ஸ்கூல்ல ஜெராக்ஸ் தான் தருவேன்னு சொன்னேன், யோசிச்சு சொல்றோம்னாங்க.

கடைசியா ஒன்னு. தங்கச்சிக்கு பத்தாவது மார்க் ஷீட்ல இனிஷியல் முன்னாடி இருக்கு, டிப்ளமோ சர்டிபிகேட்ல பின்னாடி இருக்கு, ஆதார்ல இனிஷியலே இல்ல. பிரச்சனை வருமா?

ஜன்னலோர_மேஜை:
முன்ன பின்ன இருக்கறது பெருசா பிரச்சனை பண்ணாது, எழுத்து மாறி இருந்தா தான் தலைவலி. எதுக்கும் பத்தாவது மார்க் ஷீட்ல எப்படி இருக்கோ அப்படியே எல்லா அப்ளிகேஷன்லயும் போடுங்க, ஆதாரை அதுக்கேத்த மாதிரி இப்பவே மாத்திருங்க. தமிழ் மீடியத்துல படிச்சிருந்தா பி.எஸ்.டி.எம். சர்டிபிகேட்டும் இப்பவே வாங்குங்க, தமிழ் வழில படிச்சவங்களுக்கான 20 சதவீத ஒதுக்கீட்டுக்கு ஒன்னாப்புல இருந்து படிச்ச ஒவ்வொரு ஸ்கூல்லயும் கையெழுத்து வேணும். தங்கச்சி எத்தனை ஸ்கூல் மாறிருக்கா?

வெண்பலகை:
மூணு. திங்கக்கிழமை முதல் ஸ்கூலுக்கு ரெண்டு பேரும் பஸ்ல போறோம்.